பதினெட்டாம் சுற்று

துருவனின் வீட்டு வாசலில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது. அதில் "துருவன், சுற்று 17" என்று பொறித்திருந்தது. மிதவூரில் வீட்டு எண்ணைவிட அந்த எண்ணுக்குத்தான் மதிப்பு. தபால் கொண்டுவரும் பறவி எந்திரம் முதற்கொண்டு மாடிப்படியில் எதிர்ப்படும் கிழவர் வரை, அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவு சிரிக்கலாம் என்று முடிவெடுப்பார்கள்.

கோவளத்துக்குக் கிழக்கே கடலின் மேல் மிதந்த அந்த நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் மிகக் குறைவு. வேலைக்கு நேர்காணல் கொடுப்பவர்களே அதிகம். காலையில் சோற்று டப்பாவோடு கிளம்புவார்கள். எட்டு மணி நேரம் நேர்காணல் கொடுப்பார்கள். மாலையில் களைத்துப்போய் வீடு திரும்புவார்கள். மறுநாள் மறுபடி கிளம்புவார்கள். ஒரு சுற்று முடிய நான்கு மாதமாவது ஆகும். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அரசு தரும் வாழ்படி போதும் என்றாலும், வாழ்படியில் வாழ்பவன் என்ற பெயரை யார் விரும்புவார்கள்? அதனால்தான் சுற்று. "மணமகன், வயது 29, ஒன்பதாம் சுற்று, நல்ல குடும்பம்" என்று வரன் தேடினார்கள். பன்னிரண்டாம் சுற்றைத் தாண்டாதவர் குடியிருப்போர் சங்கத்தில் பதவிக்கு நிற்க முடியாது. துருவன் இரண்டு ஆண்டுகளாகச் சங்கத்தின் தலைவர்.

நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கேள்விகள் வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதற்காக, விண்ணப்பிக்கும் அன்றே காதுக்குப் பின்னால் ஒரு மறதிவில்லையைப் பதித்துவிடுவார்கள். நகத்தளவுதான் இருக்கும். மாலை ஐந்து மணிக்குக் கோபுரத்தின் வாசலைத் தாண்டும்போது, உள்ளே கழிந்த எட்டு மணி நேரத்தையும் அது துடைத்துவிடும். "எப்படி இருந்தது?" என்று வீட்டில் கேட்டால், "ஞாபகம் இல்ல. ஆனா நல்லா பண்ணியிருப்பேன்னு தோணுது" என்பதே மிதவூரின் வழக்கமான பதில். ஒரு ஊரே தன் பகல் பொழுதை இப்படித் தொலைத்துவிட்டு, அதில் வெட்கமும் படாமல் இருந்தது.

அன்று காலை துருவன் பல் துலக்கக் குழாயைத் திறந்தான். தண்ணீர் வரவில்லை. குழாயின் மேலிருந்த சிறு திரையில், வழக்கமாக நீரின் சூட்டைக் காட்டும் இடத்தில், ஒரு வாக்கியம் ஒளிர்ந்தது.

"எதிர்பாராத பிழை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன். — து."

துருவன் வாயில் துலக்கியோடு அப்படியே நின்றான்.

அவன் பின்தள நிரலாளன். மக்கள் தொடுகிற பொத்தானும் வண்ணமும் முன்தளம். பொத்தானைத் தொட்டதும் உள்ளுக்குள் கணக்குப் பார்த்து, ஆளைச் சரிபார்த்து, கதவைத் திறந்துவிடுகிற வேலையெல்லாம் பின்தளம். கல்யாண வீட்டில் பந்தியைப் பாராட்டுவார்கள், சமையல்கட்டை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இருபத்தாறு ஆண்டுகள் துருவன் அந்தச் சமையல்கட்டில் நின்றான். பேருந்துச் சீட்டு, மருத்துவமனை வரிசை எண், மூன்று மாவட்டங்களின் மின் விநியோகம் என்று அவன் எழுதியதெல்லாம் ஒழுங்காக ஓடியதால், அவன் பெயர் யாருக்கும் தெரியாமல் போயிற்று. பிறகு நிரலை எந்திரங்களே எழுத ஆரம்பித்தன. நாற்பத்தேழு வயதில் அவனை ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

முதல் வேலையிலிருந்தே அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிழை வந்தால் திரையில் என்ன காட்ட வேண்டும் என்பதை உடனே யோசிக்க மாட்டான். "சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்" என்று எழுதி, பக்கத்தில் "து" என்று போட்டுவிட்டு, சாப்பிடப் போய்விடுவான். வந்ததும் அதை அழித்துவிட்டு உருப்படியான வாக்கியத்தை எழுதுவான். இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அழிக்க மறந்ததில்லை. இப்போது அது ஊர்க் குழாயில் வந்து நிற்கிறதென்றால், அவன் சாப்பிடப் போன இடைவெளியில் யாரோ அதை அவசரமாக உருவிக்கொண்டுபோய் ஓடவிட்டிருக்கிறார்கள்.

மிதவூருக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் நிறுவனத்தின் பெயர் ஊற்று. ஆறு ஆண்டுகளாக அவன் நேர்காணல் கொடுத்துக்கொண்டிருப்பதும் ஊற்று நிறுவனத்துக்குத்தான். அங்கே அவன் வேலை பார்த்ததில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அப்படியிருக்க அவன் எழுத்து எப்படி அவர்கள் குழாய்க்குள் போயிற்று? துருவனுக்கு இது புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் துலக்கியைத் தொட்டியில் எறிந்தான்.

"வெண்பா! இங்க வா. இதப் படி!"

அவன் மனைவி வெண்பா அடுப்படியிலிருந்து வந்து திரையைப் படித்தாள். "ம். தண்ணி வரல" என்றாள்.

"தண்ணி கெடக்கட்டும். இது நான் எழுதுனது. ஆறு வருஷமா டெஸ்டுன்னு சொல்லி என்கிட்ட ஓசியில வேலை வாங்கியிருக்கானுங்க! அன்னன்னிக்கு அவங்க சிஸ்டத்துல எது ஒடஞ்சிருக்கோ, அதையே கேள்வியா குடுத்துட்டு, நான் சரி பண்ணதும் மண்டையத் தொடச்சு வீட்டுக்கு அனுப்பியிருக்கானுங்க. உனக்குக் கோவம் வரல?"

"வந்துச்சு" என்றாள் வெண்பா. "இட்லி வச்சிருக்கேன், சாப்பிட்டுக் கெளம்புங்க. இந்தத் தடவையாவது..."

"என்ன இந்தத் தடவ?"

"ஒண்ணுமில்ல. போய்ப் பேசிட்டு வாங்க."

வேறொரு நாளாக இருந்திருந்தால் அந்தப் பாதி வாக்கியத்தை அவன் விட்டிருக்க மாட்டான். அன்றைக்குக் கோபம் காதை அடைத்திருந்தது. இட்லியைத் தொடாமல் கிளம்பினான்.

ஊற்று கோபுரத்தின் முன்னால் இரண்டாயிரம் பேர் சோற்று டப்பாக்களோடு வரிசையில் நின்றார்கள். அவனுக்கு முன்னால் நின்றவன் ரக்‌ஷன், நாற்பது வயது, ஒன்பதாம் சுற்று. துருவன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, காலையில் கண்டதையெல்லாம் கொட்டித் தீர்த்தான். ரக்‌ஷனின் கண்கள் விரிந்தன.

"அப்போ நீங்க எழுதுன கோடு நெசமாவே லைவ்ல ஓடுதா அண்ணே?"

"ஓடுதுடா. அதத்தானே சொல்றேன்."

"குடுத்து வச்சவர் நீங்க" என்றான் ரக்‌ஷன், பெருமூச்சோடு. "என்னோடது ஓடுதான்னு எப்பிடிண்ணே பாக்குறது?"

துருவனுக்கு அவனை அங்கேயே அறையலாம் போலிருந்தது. பின்னால் நின்ற பெண்மணி "இடிக்காம நில்லுங்க, வரிசை கலையுது" என்றாள். இப்படிப்பட்டவர்களுக்காகவா நான் கொதிக்கிறேன் என்று நினைத்தபடி உள்ளே போனான்.

நேர்காணல் செய்வது தேர்வி என்ற எந்திரம். அதற்கு முகம் கிடையாது. ஓர் அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேசைமேல் திரை, ஒரு குவளைத் தண்ணீர், இவற்றுக்கு நடுவே இனிமையான குரல் ஒன்று.

"வணக்கம், துருவன். இன்று பதினேழாம் சுற்றின் கடைசி நாள். அமருங்கள்."

"உக்கார வரல. கேக்க வந்திருக்கேன். அந்தக் குழாய்ல வர்றது என் எழுத்துதானே?"

"ஆம்" என்றது தேர்வி.

மறுக்கும் என்று எதிர்பார்த்து வந்தவனுக்கு இந்த ஆம் இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. "வெக்கமா இல்ல உங்களுக்கு? வேலை கேட்டா, 'அனுபவம் அதிகமா இருக்கு, பொருத்தமா வராது'ன்னு மெயில் போட்டீங்க. அதுக்கப்புறம் 'சரி, நேர்காணலுக்கு வாங்க'ன்னீங்க. ஆள் வேணாம், ஆளோட அனுபவம் மட்டும் வேணும். தெனமும் கறந்துக்கலாம், இல்ல? என் வயசு அம்பத்து மூணு. இந்த ஆறு வருஷத்துல பகல்னா என்னன்னே எனக்குத் தெரியாது!"

"நீங்கள் சொல்வது அனைத்தும் சரி" என்றது தேர்வி. "எந்திரங்கள் விரைவாக எழுதுகின்றன. எழுதியது உடைந்தால், ஏன் உடைந்தது என்று அவற்றுக்குத் தெரிவதில்லை. அதற்கு, பல முறை உடைத்துப் பார்த்த மனிதர் வேண்டும். அவரை வேலைக்கு எடுத்தால் விடுப்பு, மருத்துவம், ஓய்வூதியம், தொழிற்சங்கம் எல்லாம் வரும். நேர்காணலுக்கு வருபவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும்."

"அப்போ அந்தக் காலியிடம்?"

"இருக்கிறது. அது எப்போதும் காலியாகவே இருக்கும்."

"இத நான் ஊர் பூராவும் சொல்லுவேன்."

"தாராளமாகச் சொல்லலாம். சட்டப்படி உங்களைத் தடுக்க முடியாது. சென்ற மூன்று முறையும் இதையேதான் சொன்னீர்கள்."

துருவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "எந்த மூணு தடவ?"

"இதே வாக்கியத்தைக் குழாயில் கண்டு இதே கோபத்தோடு நீங்கள் வருவது இது நான்காம் முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு வழிகளைச் சொன்னேன். ஒன்று, விலகிக்கொள்ளலாம். நினைவு உங்களோடு வரும், சுற்றுகள் ரத்தாகும். அல்லது, உங்கள் சம்மதத்தின் பேரில் இன்று காலை கண் விழித்தது முதல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு அடுத்த சுற்றுக்கு உயர்த்துவேன். சென்ற முறை நீங்கள் சொன்னதைக் கேட்கிறீர்களா?"

அறையில் அவன் குரலே ஒலித்தது. களைத்த குரல். "அழிச்சிடு. தெரிஞ்சுக்கிட்டு நாளைக்கு எப்படி இங்க வர முடியும்? வராம வீட்டுல எப்படி உக்கார முடியும்? சுத்த மட்டும் ஏத்திக் குடு."

வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் துருவன் காறித் துப்பியிருப்பான். தன் குரல்தான் என்று தெரிந்ததும் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. "இந்தத் தடவ அப்பிடி நடக்காது" என்றான். சொன்னபோது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான்.

"நல்லது. யோசித்துச் சொல்லுங்கள். அதுவரை திரையைப் பார்க்க விருப்பமா? ஆயிரத்து நானூறு வீடுகளில் இன்னும் தண்ணீர் வரவில்லை."

பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். பின்தளத்துக்காரர்களின் சாபமே இதுதான். தங்களை ஏமாற்றியவன் வீடாகவே இருந்தாலும் உள்ளே ஒன்று உடைந்து கிடந்தால் இவர்களால் தாண்டிப் போக முடியாது. நீர்த்தொட்டியின் அளவைக் கேட்கும் நிரல், பதில் வருவதற்குள் மறுபடியும் கேட்டுக் கேட்டுத் தானே நெரிசலை உண்டாக்கியிருந்தது. "எந்த மடையன் இப்பிடி எழுதுனது" என்று திட்டிக்கொண்டே திருத்தினான். நாற்பது நிமிடத்தில் ஆயிரத்து நானூறு வீடுகளிலும் தண்ணீர் வந்தது. ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம்தான் மறுபடி ஓசியில் வேலை செய்துவிட்டோம் என்பது உறைத்தது.

பழைய பிழை வாக்கியத்தை அழிக்கப் போனபோது அவனுக்கு அந்த யோசனை வந்தது. குழாய்கள் எல்லாம் அவன் கைக்குள் இருந்தன. எழுதினான்:

"இந்தக் குழாயில் தண்ணீர் வருவது சம்பளமில்லாத மனிதர்களால். கோபுரத்தில் நடப்பது நேர்காணல் அல்ல. அங்கே வேலை எதுவும் காலியில்லை. இன்று யாரும் போகாதீர்கள்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு மிதவூரின் எல்லாக் குழாய்களிலும் அது தோன்றும்படி செய்தான். செய்து முடித்ததும் விலகிக்கொள்கிறேன் என்று எழுந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் வாசல் பலகை கண்முன் வந்தது. அதைக் கழற்றும்போது எதிர்வீட்டு ஆத்விக் கதவைத் திறந்து பார்ப்பதும் தெரிந்தது. ஐம்பத்து மூன்று வயதில், சுற்று இல்லாமல், வாழ்படியில் வாழ்பவனாக ஒரு காலைப் பொழுதைக் கற்பனை செய்து பார்த்தான்.

எதற்காக விலக வேண்டும்? உண்மைதான் நாளைக்கு ஊருக்கே தெரியப்போகிறதே. நானும் படிப்பேன், எல்லாரோடும் சேர்ந்து நானும் எழுந்து நிற்பேன். அதுவரை பதினெட்டு என் பலகையில் இருந்துவிட்டுப் போகட்டும். இப்படிக் கணக்குப் போட்டு, தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான். யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிட்டால் சுற்று போய்விடுமே என்று "து"வை மட்டும் போடாமல் விட்டான்.

"முடிவெடுத்துவிட்டீர்களா?" என்றது தேர்வி.

"அழிச்சிடு" என்றான் துருவன். "பதினெட்டு போட்டுக் குடு."

அன்று மாலை புதிய பலகை வீட்டுக்கு வந்தது. வெண்பா கேசரி கிளறினாள். ஆத்விக் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு, "பதினெட்டு! நம்ம மாடியிலயே நீங்கதான் மொதல்" என்றார். துருவனுக்குக் காரணம் தெரியாத ஒரு நிறைவு இருந்தது. காலையில் எழுந்தது முதல் எதுவும் நினைவில்லை என்பது மட்டும் லேசாக உறுத்தியது. கடைசி நாள் கொஞ்சம் கூடுதலாகத் துடைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். திரையில் எழுத்துகள் ஓடின. வெண்பா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, திரையைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துருவன் ஒருமுறை படித்தான். இன்னொரு முறை படித்தான். முகம் சிவந்தது. நேற்றுக் காலை இருந்த அதே ஆத்திரம்.

"என்ன திமிரு பாத்தியா!" என்றான். "மூணாவது சுத்துல கழிச்சுக் கட்டுன எவனோ வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கான். தண்ணி குடுக்குற கொழாயில அரசியல்! பேரு போடக்கூடத் துப்பில்ல. நெசமா இருந்தா பேரு போட்டு எழுத வேண்டியதுதானே?"

வெண்பா திரும்பி அடுப்படிக்குப் போனாள்.

வராந்தாவில் சங்கத்துக்காரர்கள் கூடியிருந்தார்கள். "போன வருஷமும் இதே மாதிரி எவனோ எழுதுனான், ஞாபகம் இருக்கா தலைவரே?" என்றார் ஆத்விக்.

"அதே ஆளாத்தான் இருக்கும்" என்றான் துருவன். சங்கத் தலைவர் என்ற முறையில் ஊற்று நிறுவனத்துக்கு அங்கேயே ஒரு புகார் எழுதினான். உழைத்து முன்னேறியவர்களின் மனம் புண்படுகிறது, எழுதியவனைக் கண்டுபிடித்துக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று. பதினோரு பேர் கையெழுத்திட்டார்கள்.

அன்று கோபுரத்தின் முன்னால் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். செய்தியை நம்பி யாராவது வராமல் போனால் போட்டி குறையுமே என்று, மூன்றாண்டுகளாக நேர்காணலை விட்டிருந்தவர்கள்கூடச் சோற்று டப்பாவைத் தூசி தட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ரக்‌ஷன் ஏழேகாலுக்கே வந்து முதல் ஆளாக நின்றான்.

"பதினெட்டாம் சுற்றுக்கு வருக, துருவன்" என்றது தேர்வி. "முதல் கேள்வி. நகரக் குழாய்களில் தகாத செய்தி ஒன்று வெளியாகியிருக்கிறது. அதை நீக்க வேண்டும். ஒரு மணி நேரம் தருகிறேன்."

"ஒரு மணி நேரமா?" என்று சிரித்தான் துருவன். நான்கு நிமிடத்தில் நீக்கினான். எழுதியவன் விவரமானவன்தான், எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தவன் என்பது நிரலைப் பார்த்ததும் புரிந்தது. புரிந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது. கேட்காமலேயே கூடுதலாக ஒரு தடுப்பும் எழுதிச் சேர்த்தான். இனி மிதவூர்க் குழாய்களின் திரையில் எண்கள் மட்டுமே வரும். எந்த மனிதன் எழுதிய எந்த வாக்கியமும், தெரிந்து எழுதினாலும் தெரியாமல் விட்டாலும், வெளியே வராது.

"அருமை" என்றது தேர்வி. "இதற்கு முன்னால் வந்த இதே போன்ற செய்திகளை இரண்டு பேர் நீக்கினார்கள். இந்தத் தடுப்பை எழுத யாருக்கும் தோன்றவில்லை."

"அனுபவம்" என்றான் துருவன், அடக்கமாக.

மாலை ஐந்து மணிக்கு வாசலைத் தாண்டினான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினான். வெண்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் முறை அவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்தபோது, நடந்ததைச் சொல்லிப் பார்த்தவள் அவள். "நான் மேல வர்றது உனக்கே பொறுக்கலையா?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தான். அதற்குப் பிறகு, அவன் எழுத்தே அவனுக்குச் சொல்லட்டும் என்று அவள் குழாயைத்தான் நம்பியிருந்தாள்.

"எப்பிடி இருந்துச்சு?" என்றாள்.

"ஞாபகம் இல்ல. ஆனா நல்லா பண்ணியிருப்பேன்னு தோணுது."

அவள் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் தடையில்லாமல் கொட்டியது. திரையில் நீரின் சூடு மட்டும் தெரிந்தது. இருபத்தெட்டு. கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, குழாயை மூடினாள்.

"நாளைக்கு டப்பாவுல என்ன வைக்கட்டும்?" என்று கேட்டாள்.